அது நினைவிடம் அல்ல, கோயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆகஸ்டு 16 அன்று தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில், கீழ் மூலையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. டோக்கியோவில் உள்ள யாசுகுனி போர் நினைவிடத்துக்கு ஜப்பான் அமைச்சர்கள் சென்று அஞ்சலி செலுத்தினார்கள், சீனாவும் தென்கொரியாவும் கண்டனம் தெரிவித்தன என்று ஏழெட்டு வரி. முதல் பக்கம் முழுக்க நம் சுதந்திர தினக் கொடியேற்றம். ஏற்காட்டுக்குப் பேப்பர் சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வரும். ஒண்டிக்கடையில் வாங்கிக்கொண்டு போய் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அந்த ஏழெட்டு வரியைத் தாண்டி அடுத்த பக்கம் புரட்ட மனம் வரவில்லை.

யாசுகுனியை நினைவிடம் என்று எழுதியது ஒரு குறை. அந்த விவகாரத்தைச் சீனாக்காரருக்கும் கொரியாக்காரருக்கும் மட்டும் உள்ள பழைய பகைபோல முடித்தது அதைவிடப் பெரிய குறை. சேலம் மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கும் அந்த இடத்தோடு தீராத ஒரு கணக்கு இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவின் அப்பாவுக்கு ஓமலூர்ப் பக்கம் சொந்த ஊர். மழை பொய்த்த ஒரு வருஷம், கங்காணி பேச்சைக் கேட்டு, கல்யாணமான கையோடு அப்பாயியையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா போனார். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு. 1936ல் அப்பா அங்கே லயத்து வீட்டில் பிறந்தார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் போனார்கள், ஜப்பான்காரன் வந்தான். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறு என்று ஆயிற்று. அடுத்த வருஷம் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு ஆட்களைத் தனியே பிரித்து நிறுத்தினார்கள். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் ரோடு போடும் வேலை, மூன்றே மாதம், தினம் ஒரு வெள்ளி (மலாயா டாலர்) சம்பளம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். முன்பணமாக ஒரு பத்து வெள்ளி நோட்டு. தாத்தா அதை அப்பாயி கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார். "மூணு மாசந்தான், பையனப் பாத்துக்க" என்றாராம். அவரிடமிருந்து வந்த கடைசிப் பேச்சு அது.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஜப்பான் ராணுவ அரசாங்கம் மலாயாவுக்கென்று அடித்தது. குலை தள்ளிய வாழைமரம் போட்டிருக்கும், அதனால் வாழைமர நோட்டு என்பார்கள். அப்பாயி அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு வைத்திருந்தார். மடிப்புகள் கூடும் நடு இடத்தில் காகிதம் இற்று, பட்டாணி அளவுக்கு ஓட்டை. ஒரு மூலையில் சுண்ணாம்பு பட்டு வெளுத்திருக்கிறது. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இந்த நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்தான். லயத்தில் மற்றவர்கள் அடுப்பில் போட்டார்களாம். அப்பாயி போடவில்லை.

1947ல் அப்பாயியும் பதினோரு வயது அப்பாவும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் பெயர் எழுதிய கிராணி (குமாஸ்தா) புருஷன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்துப் பெண் புருஷன் பெயரைச் சொல்வாளா? "எங்க ஊரு மலைமேல இருக்குற சாமி பேருதானுங்க" என்று சொல்லிவிட்டு நின்றிருக்கிறார். கிராணிக்கு எந்த மலை, எந்தச் சாமி என்று தெரியவில்லை. அப்பாதான் முன்னால் வந்து பெயரைச் சொன்னாராம். கிராணி அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் 'காணவில்லை' என்று எழுதினார். இறந்தார் என்று எழுத யாரிடமும் சான்று இல்லை.

அப்பாயி 1984ல் போகிறவரைக்கும் தாலியைக் கழற்றவில்லை. செத்த தேதி தெரியாததால் தாத்தாவுக்குத் திதி கொடுக்கவும் விடவில்லை. அப்பா ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் கேட்பார், அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பாயி போன பிறகுதான், பவானி கூடுதுறையில் இரண்டு பேருக்கும் சேர்த்து அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தார். 1995 வாக்கில் தாத்தாவைப் பற்றி ஏதாவது பதிவு கிடைக்குமா என்று அப்பா ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். நாலு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. நீங்கள் குறிப்பிடும் நபர் குறித்த ஆவணம் எதுவும் இல்லை என்று இரண்டு வரி. அப்பா அந்தக் கார்டையும் நோட்டோடு சேர்த்து வைத்துவிட்டார்.

அந்த ரயில் ரோட்டின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை. 1942 நடுவில் வேலையைத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள், 12 ஆயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் தமிழரும் பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும். வெள்ளைக்காரக் கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், பட்டாள டாக்டர்கள் இருந்தார்கள், யார் எந்த முகாமில் எந்த நாளில் செத்தார் என்று ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். நம் ஆட்கள் பக்கத்தில் அப்படி எழுத யாருமில்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். இன்று காஞ்சனபுரிக்குப் போனால் போர்க்கல்லறைத் தோட்டத்தில் 6,982 கைதிகளுக்கு வரிசை பிசகாமல் கல் இருக்கிறது, புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு ஆளுக்கொரு கல் கிடையாது, எத்தனை பேர் என்பதற்கே இன்றும் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.

இதற்கும் யாசுகுனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் இரண்டு வருஷம் முன்புவரை தெரியாது.

என் மகள் டோக்கியோவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடன் வேலை செய்பவர்கள் கூப்பிட, யாசுகுனிக்குப் போயிருக்கிறாள். அந்த வளாகத்திலேயே யூஷுகான் என்று ஓர் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்தவுடன், முன்கூடத்தில், ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கன்னங்கரேல் என்று எண்ணெய் போட்டுத் துடைத்த எஞ்சின், நெற்றியில் சி56 31 என்று எண். "அம்மா, இது சயாம் ரயில் எஞ்சினாம், அந்த ரோடு திறந்த அன்னிக்கு ஓடினதாம். நம்ம தாத்தா போன ரோடுதானே?" என்று குரல் பதிவும் கூடவே வந்தது. நான் உடனே போன் போட்டேன். எத்தனை பேர் செத்தார்கள் என்று பலகையில் போட்டிருக்கிறதா, படித்துச் சொல் என்றேன். அவள் மறுபடியும் நின்று படித்தாள். எஞ்சின் எப்போது செய்தது, எங்கே ஓடியது, எப்படித் திரும்பி வந்தது எல்லாம் இருக்கிறது, செத்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை என்றாள். பக்கத்திலேயே பொருள் விற்கும் கடை இருக்கிறதாம். அவளுக்கு அதற்குமேல் பேச வரவில்லை.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் அகராதி வைத்துக்கொண்டு படித்து வருகிறேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

யாசுகுனி 1869ல் மெய்ஜி பேரரசர் காலத்தில் ஏற்படுத்திய கோயில், ஜப்பானியரின் பழைய மதமான ஷிந்தோவைச் சேர்ந்தது. இப்போதைய பெயர் 1879ல் வந்தது. அங்கே புதைத்த உடல் இல்லை, எலும்பு இல்லை, சாம்பல் இல்லை. இருப்பது பெயர்ப்பட்டியல். போரில் இறந்தவரின் பெயரை முறைப்படி பூசை செய்து அதில் சேர்த்துவிட்டால் அவர் அங்கே வழிபடும் தெய்வம் ஆகிவிடுகிறார். அப்படி 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். 1945 வரை அந்தக் கோயில் ராணுவ, கடற்படை அமைச்சகங்களின் பொறுப்பில் இருந்தது. போருக்குப் போனவர்கள் "யாசுகுனியில் சந்திப்போம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள் என்பார்கள். தோற்ற பிறகு அரசிடமிருந்து பிரித்து, தனி மத நிறுவனம் ஆக்கினார்கள். 1947ல் நடைமுறைக்கு வந்த புது அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு, அரசு எந்த மதச் செயலிலும் ஈடுபடக்கூடாது என்கிறது. 89ஆவது பிரிவு மத நிறுவனத்துக்கு அரசுப் பணம் போகக்கூடாது என்கிறது. இந்தப் பின்னணி எதுவும் 'நினைவிடம்' என்ற சொல்லில் தெரியாது. நினைவிடத்துக்கு மந்திரி போனார் என்றால், போகட்டுமே, அதிலென்ன என்றுதான் நம் வாசகர் கேட்பார். கோயிலுக்கு மந்திரி போனார் என்றாலும்கூட நமக்கு உறைக்காது, கலெக்டர் வடம் தொட்டுத் தேரை நகர்த்தும் ஊர் நம்முடையது. ஜப்பானில் அப்படியில்லை. பேரரசரையே கடவுள் என்று சொல்லி, அந்தக் கடவுளின் பெயரால் ஆசியா முழுக்கப் படை நடத்தியவர்கள் அவர்கள். அந்தச் சூடு பட்ட பிறகு போட்ட கோடு அது.

இறந்தவனைத் தெய்வமாக்குவதை நான் குறை சொல்லவில்லை. என் அம்மா பிறந்தது அரூர்ப் பக்கம். அங்கே ஆலமரத்தடியில் வில்லும் கத்தியும் ஏந்திய ஆள் செதுக்கிய பழைய நடுகல்லுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கலிடுவார்கள், கிடா வெட்டுவார்கள். மாட்டை மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒருவன், ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த ஊருக்குக் காவல். சின்ன வயதில் நானும் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியிருக்கிறேன். அதனால் டோக்கியோவில் ஒரு கிழவி தன் புருஷனைப் பார்க்க யாசுகுனிக்குப் போய்க் கைதட்டி வணங்கினால் அவள் மனசு எனக்குப் புரிகிறது. அந்த 24 லட்சத்தில் பெரும்பாலோர் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு இழுத்துப் போன பிள்ளைகள். அந்தக் கிழவியும் எங்கள் அப்பாயியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து அழுதிருக்கலாம்.

வேடியப்பனை நட்டது அவனுடைய ஊர். அவன் வீட்டாரைக் கேட்காமல் எந்த மந்திரியும் வந்து நடவில்லை. யாசுகுனியில் கொரியர்களும் தைவான்காரர்களுமாகச் சுமார் 50 ஆயிரம் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அடிமை நாட்டிலிருந்து ஜப்பான் பட்டாளத்துக்குக் கொண்டுபோன ஆட்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள், எங்கள் அப்பன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வழக்குக்கூடப் போட்டார்கள். ஒன்றாகக் கலந்துவிட்ட ஆன்மாக்களைப் பிரிக்க முடியாது என்பது கோயிலின் பதில்.

யாமாகுச்சியில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் கதையும் படித்தேன். அவர் புருஷன் போருக்குப் பிந்திய தற்காப்புப் படையில் இருந்து 1968ல் சாலை விபத்தில் இறந்தார். மனைவி வேண்டாம் என்று சொல்லியும், யாசுகுனி மாதிரியே உள்ள அந்த ஊர்க் கோயிலில் அவரைத் தெய்வமாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தம்மா நீதிமன்றம் போனார். 1988ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மற்றவர்களுடைய மத வழிபாட்டையும் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்தவர், வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். ஒவ்வொரு நவம்பர் 2 அன்றும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்னக் கேக்காம அவரச் சாமியாக்கிட்டா, நான் எங்கக்கா போயி அழறது?" என்றார். எத்தனையோ கட்டுரை படித்தும் எனக்குப் பிடிபடாத மதக் கேள்வி அந்த ஒரு வாக்கியத்தில் பிடிபட்டது.

ஆகவே யாசுகுனியை எதிர்ப்பவர்கள் பீஜிங்கிலும் சியோலிலும் மட்டும் இல்லை. ஜப்பானுக்குள்ளேயே புத்த மதத்தவர்கள், கிறிஸ்தவர்கள், போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எஹிமே மாகாண ஆளுநர் அரசுப் பணத்தில் யாசுகுனிக்கும் உள்ளூர்க் கோயிலுக்கும் காணிக்கை செலுத்தினார், எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 66 ஆயிரம் யென். பெரிய தொகை இல்லை. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லும்வரை விடவில்லை.

மந்திரிகளும் இதை உணராதவர்கள் இல்லை. 1975 ஆகஸ்டு 15 அன்று பிரதமர் மிகி தாகேயோ போனபோது அரசுக் காரில் போகவில்லை, காணிக்கையைச் சொந்தப் பணத்தில் கொடுத்தார், பதவியை எழுதாமல் பெயரை மட்டும் எழுதினார், உடன் வேறு மந்திரிகளைக் கூட்டிப் போகவில்லை. தனி மனிதனாக வந்தேன் என்றார். பத்து வருஷம் கழித்து அதே நாளில் பிரதமர் நாகசோனே அதிகாரபூர்வமாகவே போனார். அரசுப் பணத்தில் மலர் வைத்தார், மதச் சடங்கு ஆகிவிடக்கூடாது என்று கைதட்டாமல் ஒரு முறை மட்டும் தலைகுனிந்தார். எதிர்ப்பு கிளம்பவே அடுத்த வருஷம் போகவில்லை. பிரதமர் கொய்சுமி 2001 முதல் 2006 வரை வருஷம் தவறாமல் போனார். அதை எதிர்த்துப் போட்ட ஒரு வழக்கில் 2005ல் ஒசாகா உயர் நீதிமன்றம் அவர் போனது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று கருத்துச் சொன்னது. மறு வருஷம் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகாமலே இதேபோன்ற வேறொரு வழக்கைத் தள்ளிவிட்டது. 2013 டிசம்பர் 26ல் பிரதமர் அபே போனபோது அமெரிக்கத் தூதரகமே ஏமாற்றம் அளிக்கிறது என்று அறிக்கை விட்டது.

இறந்தவர்களுக்கு மரியாதை செய்ய ஒரு பிரதமருக்கு வேறு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. யாசுகுனியிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் சிதோரிகாஃபுச்சி என்ற இடத்தில், பெயர் தெரியாத சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் பேரின் எலும்புகளை 1959 முதல் வைத்திருக்கிறார்கள். எந்த மதச் சின்னமும் கிடையாது. ஒவ்வோர் ஆகஸ்டு 15 அன்றும் பக்கத்துப் புதோகான் அரங்கில் பேரரசரும் பிரதமரும் சேர்ந்து அரசு அஞ்சலி செலுத்துகிறார்கள், அதிலும் மதம் இல்லை. நம் டெல்லியில் 2019ல் திறந்த தேசியப் போர் நினைவிடமும் அப்படித்தான், கருங்கல் பலகையில் பெயர்கள், எந்த மதத்துப் பிரதமரும் போய் மலர்வளையம் வைக்கலாம். அதை நினைவிடம் என்று தாராளமாக எழுதுங்கள்.

இனி அரசியல் கேள்வி. 1978 அக்டோபரில் யாசுகுனியின் தலைமைப் பூசாரி வெளியே சொல்லாமல் 14 பெயர்களைப் பட்டியலில் சேர்த்தார். போர் முடிந்ததும் வென்ற நாடுகள் நடத்திய டோக்கியோ விசாரணையில் முதல்தரப் போர்க்குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டவர்கள். போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட 7 பேர் 1948ல் தூக்கில் இறந்தவர்கள், மற்றவர்கள் விசாரணையின்போதோ சிறையிலோ இறந்தவர்கள். ஊருக்கு விஷயம் தெரிந்ததே மறு வருஷம் ஏப்ரலில். அதே 1979ல்தான் அந்த எஞ்சினும் தாய்லாந்திலிருந்து திரும்பி அந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த 14 பேரில் ஒருவர் கிமுரா ஹெய்தாரோ. ராணுவத் துணை அமைச்சராக இருந்து, சயாம் ரயில் வேலைக்குப் போர்க்கைதிகளைப் பயன்படுத்த ஒப்புதல் கொடுத்தவர் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் தாத்தாவைக் கொன்ற ரோட்டில் கைதிகளை வேலை வாங்கச் சம்மதம் கொடுத்தவர் அங்கே தெய்வம். அந்த ரோட்டில் ஓடிய எஞ்சின் அங்கே காட்சிப்பொருள். அந்த ரோட்டைப் போட்டவர் பெயர், ஒரு துறைமுகக் கிராணியின் ஏட்டில் 'காணவில்லை'.

பேரரசர் ஹிரோஹிதோ 1975 நவம்பரில் யாசுகுனிக்குப் போனார், அதற்குப் பிறகு போகவே இல்லை. அந்த 14 பேரைச் சேர்த்தது பிடிக்காமல்தான் நிறுத்தினார் என்று அவருடைய அரண்மனை அதிகாரி எழுதிவைத்த குறிப்பு 2006ல் வெளிவந்தது. அவர் மகனும் பேரனும் பேரரசரான பின் அங்கே போகவில்லை. பேரரசருக்கே உறுத்தும் இடத்துக்கு மந்திரிகள் படியேறுகிறார்கள்.

இரண்டு விஷயங்கள் என் பக்கத்துக்குச் சங்கடமானவை. அவற்றை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. டோக்கியோ விசாரணையின் 11 நீதிபதிகளில் ஒருவர் நம் வங்காளத்து ராதாவினோத் பால். ஜெயித்தவன் தோற்றவனுக்குச் சொல்லும் நீதி செல்லாது என்று, எல்லோரும் குற்றமற்றவர்கள் எனத் தனித் தீர்ப்பு எழுதினார். 2005ல் யாசுகுனியில் அவருக்கு ஒரு கல் வைத்தார்கள். அதைக் காட்டி, பார், இந்தியர்களே எங்கள் பக்கம் என்கிறார்கள். ஆனால் பால், கொடுமை நடக்கவில்லை என்று எழுதவில்லை. அதற்கான சாட்சியம் மலைபோல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் சட்டக் கேள்வியை எழுப்பினார். அவர் கல்லின் நிழலில் நின்று நம் ஆட்களின் சாவை மறைக்க முடியாது.

இன்னொன்று எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தாத்தாவின் பங்காளி ஒருவர் அதே தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். ஊருக்குத் திரும்பி, செத்துப் போகும்வரை நேதாஜி படத்துக்கு மாலை போட்டார். "ஜப்பான்காரன் இல்லாட்டி நம்ம கைக்குத் துப்பாக்கி ஏது?" என்பார். அவர் அப்படிப் பேச ஆரம்பித்ததும் அப்பாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு பேர் பக்கத்திலும் உண்மை இருந்தது. நேதாஜியின் அஸ்தி என்று டோக்கியோ ரென்கோஜி புத்தக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். 1957ல் நேரு போனார், பிறகு இந்திரா காந்தி போனார், 2001ல் வாஜ்பாய் போனார். அதுவும் மதக் கோயில்தானே, அதுவும் அரசுப் பயணம்தானே என்று என்னைக் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பிக்குகள் வேற்று நாட்டானின் அஸ்தியை அடைக்கலமாக வாங்கிக் காத்து வந்தவர்கள். யாரையும் கேட்காமல் யாரையும் தெய்வமாக்கவில்லை. எனக்கு அந்த வேறுபாடு போதுமானதாக இருக்கிறது. வேறுவிதமாக நினைப்பவர்கள் எழுதட்டும், படிக்கிறேன்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 38 வருஷம் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. எஸ்டேட்டிலிருந்து ட்ரங்க் கால் போட வருபவர், இன்னார் வந்து பேசினால்தான் பேசுவேன் என்று பெயர் கொடுப்பார். பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்வேன். எதிர்முனையில் வேறு யார் எடுத்தாலும் இணைப்புத் தர மாட்டேன், அந்தப் பெயருக்குரிய ஆள் வரவேண்டும். சரியான ஆளின் குரல் கேட்டபின்தான் நிமிடக் கணக்கே தொடங்கும். பெயர் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. 24 லட்சம் பெயர்களை ஒன்று விடாமல் எழுதி வைத்த நாடு, தன் ரோட்டில் செத்த தமிழனை ஆளாகக்கூடக் கணக்கெடுக்கவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2023ல் மலேசியத் தமிழர்கள் பாடுபட்டு, காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் அந்தத் தமிழர்களுக்கு நடுகல் நட்டார்கள். பிக்குகள் இடம் கொடுத்தார்கள். அரூர்ப் பக்கத்து வேடியப்பன் கல் எனக்கு நினைவுக்கு வந்தது. ஊர் கூடி நட்ட கல். ஜப்பான் மந்திரி எங்கே போகக்கூடாது என்று எழுதும் நாம், நம் மந்திரிகளும் எம்.பி.க்களும் எங்கே போகவேண்டும் என்று கேட்பதில்லை. சுற்றுலாவுக்கும் முதலீட்டு மாநாட்டுக்கும் பாங்காக் போகிறவர்கள் காரில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகப் போனால் அந்தக் கல் வரும். சேலம், தர்மபுரி, நாமக்கல்லிலிருந்து மலாயா போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை, வீட்டாருக்கு நினைவிருக்கும் வரையாவது, தாலுகா அலுவலகத்தில் ஓர் ஏடு போட்டு எழுதிக்கொள்ளலாம். என் அப்பா 2011ல் போய்விட்டார். துறைமுகத்தில் தாத்தாவின் பெயரைச் சொன்ன அந்தப் பையனின் வயதுக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்?

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஆகஸ்டு 15க்கும் இந்தச் செய்தி வரும், வராமல் போகாது. அப்போது யாசுகுனி கோயில் என்று எழுதுங்கள். சீனா, தென்கொரியா என்பதோடு நிறுத்தாமல், சயாம் ரயிலில் இறந்த தமிழர்களைப் பற்றி ஒரு வரி சேருங்கள். அந்த எஞ்சின் அங்கே நிற்பதையும் சொல்லுங்கள்.

வாழைமர நோட்டின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நோட்டு என்னிடமே இருக்கட்டும். வெளியிடுவதானால், நடுவில் உள்ள ஓட்டையையும் அந்தச் சுண்ணாம்புக் கறையையும் அழித்துவிடாமல் அப்படியே போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.